குறுங்குழல் ரிவோல்வருக்கு எந்த ரவை?

கேள்வி: நான் திருகோணமலை உவர்மலையைச் சேர்ந்தவன். பல ஆண்டுகளாக அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரில் குடியிருக்கிறேன். பெற்றோல் நிலையத்துடன் சேர்ந்த கடையொன்றை இரவில் தனியாகக் கவனிப்பதால், அந்நாட்டுச் சட்டப்படி ஐந்து ரவை கொள்ளும், ஏறத்தாழ இரண்டு அங்குலக் குழலுடைய .38 ஸ்பெஷல் ரிவோல்வர் ஒன்றை வாங்கினேன். அதன் எடை 15 அவுன்ஸ் அளவுதான். பெட்டியில் வேகம் அதிகமாக அச்சிடப்பட்ட ரவையை எடுக்குமாறு விற்பனையாளர் சொல்கிறார். எதனை வாங்குவது? டிசம்பரில் ஊருக்கு வரும்போது ரிவோல்வரைப் பயணப்பொதியில் கொண்டுவர முடியுமா?

பதில்: பெட்டியில் அச்சிடப்பட்ட வேகம் பொய்யன்று, ஆனால் அது உங்கள் ரிவோல்வருக்குரிய வேகமும் அன்று. .38 ஸ்பெஷல் ரவைகளை உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் நான்கு அங்குலச் சோதனைக் குழலில் சுட்டே அளக்கிறார்கள். குழல் பாதியாகக் குறையும்போது, வெடிமருந்தின் வாயு, ரவையின் முனையிலிருந்து பாயும் குண்டாகிய சன்னத்தைத் தள்ளுவதற்குக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. எஞ்சிய மருந்து குழலுக்கு வெளியே எரிந்து தீப்பிழம்பாகவும் இரைச்சலாகவும் வீணாகிறது. எனவே, பெட்டியில் உள்ள எண்ணிலிருந்து விநாடிக்கு நூறு அடியளவு குறைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பானது.

இந்த இழப்புக்குக் காரணம் உண்டு, விளைவும் உண்டு. தற்காப்புக்கென விற்கப்படும் ரவைகளில் பெரும்பாலானவை ஹொலோ பொயின்ட் வகையைச் சேர்ந்தவை. அதாவது சன்னத்தின் மூக்கில் குழியிருக்கும், அது உடலினுள் விரிந்து அங்கேயே நிற்க வேண்டும், மறுபக்கம் வெளியேறிக் கடைக்கு வந்த இன்னொருவரைத் தாக்கக்கூடாது என்பதே நோக்கம். விரிவதற்கு வேகம் வேண்டும். குறைந்த வேகத்தில் அந்தக் குழி தடித்த உடையின் நூலால் அடைபட்டு விரியாமல் போகலாம். இலேசான சன்னமாக இருந்தால் விரிந்தும் ஆழம் போதாமல் போகலாம். 1986 ஏப்ரலில் மயாமி நகரில் அமெரிக்க எஃப்.பி.ஐ. முகவர்கள் இருவர் உயிரிழந்த துப்பாக்கிச் சமரில், எதிரியின் உடலில் பாய்ந்த சன்னமொன்று இதயத்தை எட்டாமல் நின்றுபோனது. அதன் பின்னரே அந்த நிறுவனம், உடற்தசைக்குப் பதிலாகச் சோதனைக்குப் பயன்படும் 10 சதவீத ஜெலட்டின் கட்டியில் சன்னம் 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோலை வகுத்தது. விரிவை விட ஆழமே முதலில் கவனிக்கப்பட வேண்டியது என்பதே என் கருத்தும்.

ஆகவே, குறுங்குழலுக்கென்றே வடிவமைக்கப்பட்டவற்றுள் தேடுங்கள். ஸ்பீயர் நிறுவனத்தின் கோல்ட் டொட் 135 கிரெயின் (சன்னத்தின் எடையைக் குறிக்கும் சிறு அலகு) பிளஸ் பீ ரவை அத்தகையது. அதன் வேகம் விநாடிக்கு 860 அடி என இரண்டு அங்குலக் குழலிலிருந்தே குறிப்பிடப்படுகிறது என்பது நேர்மையான பழக்கம். ஹோர்னடியின் கிரிட்டிக்கல் டிஃபென்ஸ் 110 கிரெயின் ரவையில், குழி அடைபடாதிருக்க அதனுள் மென்மையான செந்நிறப் பொலிமர் முனை பொருத்தப்பட்டுள்ளது, உதைப்பும் குறைவு. பிளஸ் பீ என்பது கூடுதல் அழுத்தத்தைக் குறிக்கும்: சாதாரண .38 ஸ்பெஷலுக்கு உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 இறாத்தல், பிளஸ் பீக்கு 20,000 இறாத்தல். உங்கள் ரிவோல்வரின் கையேட்டிலோ குழலிலோ பிளஸ் பீ அனுமதிக்கப்பட்டிருப்பதைப் பார்க்காமல் அதனை வாங்கவே வேண்டாம்.

15 அவுன்ஸ் ரிவோல்வரில் பிளஸ் பீ ரவையைச் சுடுவது கைக்கு இதமான காரியமன்று. முதற் சூட்டில் கை எகிறி, இரண்டாவது சூடு எங்கு போகிறதென்று தெரியாவிட்டால், சன்னத்தின் தரத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. அத்தகையவர்களுக்கு 148 கிரெயின் வொட்கட்டர் என்னும் பழைய இலக்குப் பயிற்சி ரவையையே நான் பரிந்துரைப்பேன். அது தட்டையான மூக்குடையது, விரியாது, ஆனால் ஆழமாகச் செல்லும், உதைப்போ மிகக் குறைவு. மூக்கு தட்டையாக இருப்பதால் அவசரத்தில் மீண்டும் நிரப்புவது சற்றுச் சிரமம் என்பதும், மறுபக்கம் வெளியேறக்கூடும் என்பதும் அதன் குறைகள். விற்பனையாளர்கள் இதனைக் காட்ட மாட்டார்கள், ஏனெனில் பெட்டியில் மின்னும் படமோ பெருமைப்படும் எண்ணோ கிடையாது.

எதனைத் தெரிவு செய்தாலும் முதலில் ஒரேயொரு பெட்டியை மட்டும் வாங்கிப் பயிற்சிக் கூடத்தில் சுட்டுப் பாருங்கள். தற்காப்பு ரவைகள் 20 அல்லது 25 கொண்ட சிறு பெட்டிகளில், பயிற்சி ரவைகளை விடப் பன்மடங்கு விலையில் வருகின்றன. பல பெட்டிகளை ஒருமிக்க வாங்கியபின் ஒத்துவரவில்லை என்று திருப்பிக் கொடுக்கச் சென்றால், வெடிபொருளைக் கடைக்காரர் மீளப் பெற மாட்டார். உங்கள் ரிவோல்வரின் பார்வைக் குறி அசைக்க முடியாததாகவே இருக்கும். பாரமான சன்னம் பொதுவாகச் சற்று மேலேயும், இலேசானது கீழேயும் படுமாதலால், குறி வைத்த இடத்திலேயே படுகிறதா என்று பாருங்கள். இன்னொரு சோதனையும் உண்டு, இலேசான ரிவோல்வருக்கு இது மிக அவசியம்: ஐந்தையும் நிரப்பி நான்கை மட்டும் சுட்டுவிட்டு, எஞ்சிய ஐந்தாவது ரவையை வெளியே எடுத்துச் சுடாத இன்னொன்றுடன் ஒப்பிடுங்கள். உதைப்பின் அதிர்ச்சியில் சன்னம், மருந்து நிரப்பிய உலோகக் கூடாகிய கோதிலிருந்து முன்னே நகர்ந்திருந்தால், ஒருநாள் அது சிலிண்டரையே சுழலவிடாமல் இறுக்கிவிடும். அந்த ரவை உங்களுக்கு வேண்டாம்.

ஊருக்குக் கொண்டுவருவது பற்றி: முடியாது. இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றிச் சுடுகலனை வைத்திருப்பதே குற்றம், அமெரிக்க அனுமதி இங்கு செல்லுபடியாகாது. தற்காப்புக்கென உள்நாட்டவர்க்கு வழங்கப்பட்டிருந்த துப்பாக்கிகளையே மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு 2024 நவம்பரில் கேட்டிருந்தது. புறப்படும் முன்னர் பைகளையும் மேலங்கிப் பைகளையும் கவிழ்த்துப் பாருங்கள். மறந்துபோன ஒரேயொரு ரவை கட்டுநாயக்க விமான நிலையத்தில் விடுமுறை முழுவதையும் கெடுத்துவிடும்.

கேள்வி: மூதூரில் காலஞ்சென்ற என் தந்தையாரிடம் அனுமதிப்பத்திரத்துடன் ஒரு பழைய .38 வெப்லி ரிவோல்வர் இருந்தது. அதற்கு .38 ஸ்பெஷல் ரவை பொருந்துமா?

பதில்: பொருந்தாது. பழைய பிரித்தானிய .38 என்பது .38 எஸ் அன்ட் டபிள்யூ (ஸ்மித் அன்ட் வெசன்) என்னும் வேறொரு ரவை. கோது குட்டையானது, சன்னம் சற்றுத் தடித்தது. சில வெப்லிகளின் சிலிண்டரைப் பின்னர் யாரோ கடைந்து ஸ்பெஷல் நுழையுமாறு செய்திருப்பார்கள். அவற்றில் கோது வெடித்துப் பிளக்கும் அபாயம் உண்டு. ஆனால் அதற்கு முன்னரே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அனுமதிப்பத்திரம் தந்தையாரின் பெயருக்குரியது, உங்களுக்குரியதன்று. ஆகையால் இன்றே மூதூர்ப் பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்து, அவர்கள் சொல்லும் முறைப்படி அதனை ஒப்படைத்து, எழுத்தில் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.