அப்டேட் நின்றுபோன போனுக்கு இனி என்ன வேலை?
வாசகர் கேள்வி–பதில்

என் போன் 2018-இல் வாங்கியது. ஆண்ட்ராய்டு 9-ஐத் தாண்டவில்லை. "இனி செக்யூரிட்டி அப்டேட் வராது" என்கிறார் கடைக்காரர். தூக்கிப் போட்டுவிடவா?
– வாசகி, சாட்ஸ்வர்த்

போட வேண்டாம். ஆனால் அதில் பேங்க் ஆப் இருந்தால் அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

செட்டிங்ஸ் போய், அபௌட் போன், ஆண்ட்ராய்டு வெர்ஷன் என்று உள்ளே சென்றால் 'செக்யூரிட்டி பேட்ச்' என்று ஒரு தேதி தெரியும். அந்தத் தேதிக்குப் பிறகு ஆண்ட்ராய்டில் கண்டுபிடித்து அடைத்த ஓட்டைகள் எதுவும் உங்கள் போனில் அடைபடவில்லை என்று பொருள். உங்களுடையதைவிடப் பழைய போன் வைத்திருப்பவர்கள், அது 2017 செப்டம்பருக்கு முந்தைய தேதியாக இருந்தால் புளூடூத்தை அணைத்தே வையுங்கள். அந்த மாதம் வெளிவந்த புளூபோர்ன் ஓட்டை வழியாக, ஜோடி சேர்க்காமலே பக்கத்தில் இருப்பவர் போனுக்குள் நுழையலாம்.

ஆப்களின் கணக்கு வேறு. போன் செய்த கம்பெனி கைவிட்டாலும் பிளே ஸ்டோர் வழியாக ஆப்கள் சில வருஷம் புதுப்பித்துக்கொண்டே வரும். 2025 நடுவில் வாட்ஸ்அப் ஆண்ட்ராய்டு 5.0 முதலும், ஐபோனில் ஐஓஎஸ் 15.1 முதலும் ஓடியது. குரோம் கொஞ்சம் அவசரக்காரர்: 2025 ஆகஸ்டில் வந்த 139-ஆம் பதிப்பு முதல் ஆண்ட்ராய்டு 10 இருந்தால்தான் உண்டு. உங்கள் போனில் 138-உடன் நின்றிருக்கும். அதனால் ஃபயர்பாக்ஸை நிறுவி அதையே வழக்கமான பிரவுசராக வையுங்கள். வெளியாள் நுழைய முதலில் தட்டும் கதவு பிரவுசர்தான். அது புதிதாக இருந்தால் பாதிக் கவலை போயிற்று.

பணத்தை மட்டும் ஏன் பிரிக்கச் சொல்கிறோம்? நம் தென்னாப்பிரிக்காவில் சிம் ஸ்வாப் மோசடி, அதாவது உங்கள் எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றித் திருடுவது, ஏற்கெனவே போதுமான தொல்லை. ஓடிபியும் பேங்க் ஆப்பும், பாஸ்வேர்டை மாற்றப் பயன்படும் ஈமெயிலும் ஒரே ஓட்டைப் போனில் இருந்தால் திருடனுக்கு ஒரு வேலையும் மிச்சமில்லை. அந்த மூன்றும் அப்டேட் வரும் போனுக்குப் போகட்டும். வாட்ஸ்அப், கேமரா, பாட்டு, வரைபடம் எல்லாம் பழையதில் இருக்கலாம்.

பழைய டேப்லெட், ஆண்ட்ராய்டு 6. பாதி வெப்சைட்டுகள் "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று சொல்லித் திறக்கவே மாட்டேன் என்கின்றன. வைரஸா?
– வாசகர், டோங்காட்

வைரஸ் இல்லை. முதலில் தேதியைப் பாருங்கள். மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடந்த டேப்லெட் எழுந்ததும் 1970 என்றோ 2015 என்றோ தேதி காட்டும். ஒவ்வொரு வெப்சைட்டும் 'நான் போலி இல்லை' என்று காட்ட ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது; அதற்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. உங்கள் டேப்லெட்டின் கணக்குப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. தேதி, நேரம், ஜோஹன்னஸ்பர்க் நேர மண்டலம் மூன்றையும் சரிசெய்து மீண்டும் திறந்து பாருங்கள். பலருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

சரியாகவில்லை என்றால் சிக்கல் வேர்ச் சான்றிதழில். டேப்லெட்டுக்குள், "இவர்கள் கையெழுத்திட்டால் நம்பு" என்று ஒரு பட்டியல் பதிந்திருக்கிறது. சிஸ்டம் அப்டேட் வந்தால்தான் அது புதுப்பிக்கப்படும். உலகில் மிகப் பல வெப்சைட்டுகளுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனத்தின் வேர்ச் சான்றிதழ், 'ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1', ஆண்ட்ராய்டு 7.1.1-இல்தான் பட்டியலில் ஏறியது. அதற்கு முந்தைய கருவிகளுக்காக அவர்கள் வேறொரு பழைய நிறுவனத்தின் கையெழுத்தையும் சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2024-இல் அந்த ஏற்பாடும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் உங்களுக்கு இந்தத் தொல்லை தொடங்கியிருக்கும்.

இரண்டு வழி உண்டு. எளியது ஃபயர்பாக்ஸ். அது டேப்லெட்டின் பட்டியலை நம்பாமல் தன் சொந்தப் பட்டியலைக் கையோடு கொண்டுவருகிறது. புதிய ஃபயர்பாக்ஸுக்கு ஆண்ட்ராய்டு 8 வேண்டும். ஆனால் உங்கள் டேப்லெட்டில் பிளே ஸ்டோர் வேலை செய்தால், பொருந்தும் கடைசிப் பதிப்பை அதுவே எடுத்துக் கொடுக்கும்.

இரண்டாவது வழி, விடுபட்ட வேரை நாமே நடுவது. லெட்ஸ் என்கிரிப்ட்டின் சொந்த வெப்சைட்டிலிருந்து மட்டும், வேறு எங்கிருந்தும் அல்ல, அந்தச் சான்றிதழை நல்ல போனில் இறக்கி, கேபிள் வழியாகவோ மெமரி கார்டு வழியாகவோ டேப்லெட்டுக்குக் கொண்டுவாருங்கள். செட்டிங்ஸ், செக்யூரிட்டி, 'இன்ஸ்டால் ஃபிரம் ஸ்டோரேஜ்' என்று போய்க் கோப்பைத் தொட்டால் ஒரு பெயர் கேட்கும், எதையாவது கொடுங்கள். திரைப்பூட்டு இல்லாவிட்டால் முதலில் பின் எண் வைக்கச் சொல்லும். முடிந்ததும் "உங்கள் நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம்" என்று மேலே ஓர் எச்சரிக்கை உட்கார்ந்துகொள்ளும். கையால் சேர்த்த எந்தச் சான்றிதழுக்கும் ஆண்ட்ராய்டு இப்படித்தான் கத்தும், பயப்படாதீர்கள். ஆண்ட்ராய்டு 6 வரை, இப்படி நட்ட வேரைக் குரோமும் மற்ற ஆப்களும் ஏற்றுக்கொள்ளும். 7.0-இலிருந்து பெரும்பாலான ஆப்கள் ஏற்பதில்லை. அந்த வகையில் பழையதாக இருப்பது உங்களுக்கு அதிர்ஷ்டம். இந்த வேரின் ஆயுள் 2035 வரை.

முகம் தெரியாத யாரோ அனுப்பும் சான்றிதழை மட்டும் எக்காரணம் கொண்டும் நட்டுவிடாதீர்கள். நீங்கள் தட்டச்சு செய்வதை எல்லாம் படிக்க அவர்களுக்குச் சாவி கொடுத்தது போலாகும்.

கோயில் அலுவலகத்தில் தேவாரம் ஒலிக்க ஒரு டேப்லெட்டைச் சுவரில் மாட்டி, எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருக்கிறோம். இப்போது திரை ஒரு பக்கம் மேலே தூக்கி நிற்கிறது. பிசின் விட்டுப்போனதா?
– நிர்வாகக் குழு உறுப்பினர், பீனிக்ஸ்

பிசின் அல்ல, பேட்டரி உப்பியிருக்கிறது. இதைப் படித்ததும் சார்ஜரைப் பிடுங்கி, போனை ஆஃப் செய்வதுபோல் டேப்லெட்டை அணைத்துச் சுவரிலிருந்து இறக்குங்கள். திரையை அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை வெளியே அனுப்புங்கள். உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு. துணி, காகிதம், எண்ணெய் விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், சிமெண்டுத் தரையிலோ மண் போட்ட உலோக வாளியிலோ வையுங்கள். பிறகு மின்கழிவு எடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். குப்பைத் தொட்டியில் போடக்கூடாது: 2021 ஆகஸ்டிலிருந்து மின்கழிவைக் குப்பைமேட்டில் கொட்டுவதற்கே இந்த நாட்டில் தடை.

ஏன் உப்பியது? லித்தியம் பேட்டரிக்கு 100 சதவீதம் என்பது இழுத்துக் கட்டிய நிலை. ஒரு செல்லில் ஏறத்தாழ 4.35 வோல்ட். அந்த அழுத்தத்தில் நாள் முழுக்க நிறுத்திவைத்து, டர்பன் கோடைச் சூட்டையும் சேர்த்தால் உள்ளிருக்கும் மின்பகு திரவம் மெல்லச் சிதைந்து வாயுவாகிறது. வாயு போக வழியில்லை, பை உப்புகிறது.

அடுத்த டேப்லெட்டுக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டைமர் பிளக் ஒன்று வாங்குங்கள். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் என்று வைத்து ஒரு வாரம் அளவைக் கவனியுங்கள். 30-க்கும் 80-க்கும் நடுவில் ஊசலாடினால் சரியான அமைப்பு. 100-ஐத் தொட்டால் நேரத்தைக் குறையுங்கள். சில சாம்சங் டேப்லெட்டுகளில் 85-லோ 80-லோ நிறுத்தும் 'புரொடெக்ட் பேட்டரி' வசதி உண்டு. இருந்தால் டைமரே வேண்டாம். திரையைப் பாட்டு ஓடும்போது அணைத்து வையுங்கள், வைஃபையை எடுத்துவிட்டுப் பாடல்களை மெமரி கார்டிலிருந்து ஓட்டுங்கள். இணையம் தொடாத டேப்லெட்டுக்குச் செக்யூரிட்டி பேட்ச் பற்றிய கவலையும் இல்லை.

உப்பவில்லை, ஆனால் சார்ஜ் அரை நாள்கூட நிற்பதில்லை. பேட்டரியை வீட்டிலேயே மாற்ற முடியுமா?
– வாசகர், ஐசிபிங்கோ

கைப்பழக்கம் இருந்தால் முடியும். சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, போனை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். நிறைந்த பேட்டரி குத்துப்பட்டால்தான் பெரிய தீ. ஹேர் டிரையரால் பின்மூடியின் ஓரத்தைக் கை பொறுக்கும் சூட்டுக்கு இரண்டு மூன்று நிமிடம் காட்டி, பழைய பேங்க் கார்டை ஓரமாக நுழைத்துச் சுற்றிவாருங்கள். மூடி வந்ததும் முதலில் கழற்ற வேண்டியது பேட்டரி கனெக்டர். மற்ற ரிப்பன் கேபிளைத் தொட்டுவிட்டுப் பிறகு அதற்கு வருகிறவர்கள்தான் திரையை எரிக்கிறார்கள். பேட்டரிக்கு அடியில் பிசின் பலமாக இருந்தால் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் சில துளி விட்டு மூன்று நிமிடம் பொறுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பக்கூடாது, பிளாஸ்டிக் மட்டும்.

புதிய பேட்டரியைப் பிசின் போடுவதற்கு முன்பே இணைத்து, போன் எழுகிறதா, சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு பி-7000 பிசினை நூல் கனத்துக்கு இழுத்து, ரப்பர் பேண்ட் போட்டு 24 மணி நேரம் விடுங்கள். அதற்குப் பிறகு அந்தப் போன் தண்ணீர் புகாத போன் அல்ல.

கழற்றுவதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: சார்ஜ் நிற்கவில்லையா, ஏறவே இல்லையா? கேபிள் தளர்வாக ஆடினால் துளைக்குள் பஞ்சு அடைத்திருக்கும். போனை அணைத்து, மரப் பல்குச்சியால் சுரண்டி எடுங்கள். சட்டைப் பையில் ஐந்து வருஷம் இருந்த போனிலிருந்து சின்ன மெத்தை ஒன்றுக்கான பஞ்சு வரும்.

2013-ஆம் வருஷ ஐபேட் ஏர். எந்த ஆப்பை இறக்கினாலும் "புதிய ஐஓஎஸ் வேண்டும்" என்கிறது.
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அது ஐஓஎஸ் 12-இல் நின்றுவிட்டது, மேலே போகாது. ஆனால் ஒரு பின்கதவு உண்டு. அதே ஆப்பிள் ஐடியில் இருக்கும் புதிய ஐபோனில் அந்த ஆப்பை முதலில் இறக்குங்கள். பிறகு ஐபேடில் ஆப் ஸ்டோரைத் திறந்து, தேடாமல், மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு 'பர்ச்சேஸ்டு' பட்டியலிலிருந்து அதையே இறக்குங்கள். "பொருந்தும் கடைசிப் பதிப்பைத் தரட்டுமா?" என்று கேட்டால், தரட்டும். கேட்கவே இல்லையென்றால் அந்த ஆப்பைச் செய்தவர்கள் பழைய பதிப்பை எடுத்துவிட்டார்கள், வேறு வழியில்லை. பிடிஎஃப் படிக்க, மெட்ரிக் பழைய வினாத்தாள் பார்க்க, இறக்கி வைத்த படம் பார்க்க அந்தத் திரைக்கு இன்னும் ஒரு குறையும் இல்லை.

லீனியேஜ் ஓஎஸ் போட்டால் பழைய போன் புதிதாகும் என்கிறான் மகன். விடலாமா?
– வாசகர், லெனேசியா

லீனியேஜ் என்பது போன் கம்பெனிக்கு வெளியே தன்னார்வலர்கள் செய்து தரும் ஆண்ட்ராய்டு. இரண்டாவது போனாக இருந்தால் விடுங்கள், ஒரே போனாக இருந்தால் வேண்டாம்.

உங்கள் மாடலின் சரியான எண் லீனியேஜ் பட்டியலில் இருக்க வேண்டும். 'கிட்டத்தட்ட அதே மாடல்' என்று வேறொன்றின் கோப்பைப் போட்டால் போன் எழாது. போன் எழும்போது எந்த மென்பொருளை ஏற்றுவது என்று காவல் காக்கும் பூட்லோடரைத் திறந்ததும் போனில் உள்ள எல்லாம் அழியும். சாம்சங் போனில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு உருகி எரிந்துவிடும், பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டாலும் அது ஒட்டாது. ஹுவாவே என்றால் பேச்சே இல்லை: 2018-இலேயே பூட்லோடர் குறியீடு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பேங்க் ஆப்கள் பலவும் இப்படித் திறந்த போனில் ஓட மறுக்கும்.

மகனிடம் இதையும் சொல்லுங்கள்: ஆண்ட்ராய்டு புதிதானாலும், மோடத்துக்கும் சிப்புக்கும் உள்ள உள்மென்பொருள் பழையதுதான். அந்த ஓட்டைகளை லீனியேஜ் அடைக்க முடியாது.

மெதுவாகிவிட்டது. ஆப்பைத் தொட்டால் காபி போட்டுக் குடிக்கலாம்.
– வாசகர், வெருலம்

ஸ்டோரேஜில் 15 சதவீதமாவது காலியாக வையுங்கள். நிறைந்த சிப்பில் எழுதும் வேகம் சரியும். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் போய் 'காலை வணக்கம்' வீடியோக்களை அழித்தாலே பல ஜிபி திரும்பும். பிறகு அபௌட் போனில் 'பில்ட் நம்பர்' மீது ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் மூன்று அனிமேஷன் அளவுகளையும் 0.5 ஆக்குங்கள். மெமரி கார்டு வாங்கினால் 'ஏ1' குறி போட்டதாகப் பாருங்கள்.

பழைய போனை ஊரிலிருக்கும் ஆயாவுக்குக் கொடுக்கப் போகிறேன். என்ன செய்துவிட்டுக் கொடுக்க வேண்டும்?
– வாசகி, ஸ்டேங்கர்

வரிசை முக்கியம். செட்டிங்ஸில் கூகுள் அக்கவுண்ட்டை நீக்கிய பிறகே ரீசெட். பட்டனை அழுத்தி நேராக ரீசெட் செய்தால் போன் உங்கள் பழைய பாஸ்வேர்டைக் கேட்டு ஆயாவைப் பூட்டிவைக்கும். சிம்மையும் கொடுப்பதானால் ரைக்கா சட்டப்படி செய்த சிம் பதிவை ஆயா பெயருக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அந்த எண்ணில் நடப்பதற்கெல்லாம் பெயர் உங்களுடையது.

கொடுப்பதற்கு முன் ஒரு கால் செய்து பாருங்கள். பேசும்போது மேலே உள்ள 4ஜி குறி 3ஜி, எச், இ என்று மாறினால் அந்தப் போன் குரலுக்கு இன்னும் பழைய நெட்வொர்க்கை நம்பியிருக்கிறது. 2024-இல் வந்த அரசுக் கொள்கை 2ஜி, 3ஜியை மூட 2027 டிசம்பர் 31-ஐக் கெடுவாகக் குறித்தது. சிம் செட்டிங்ஸில் 4ஜி வழியாகவே பேச வைக்கும் 'வோல்டி' (VoLTE) இருந்தால் ஆன் செய்து மீண்டும் பாருங்கள். அப்போதும் குறி மாறினால் அந்தப் போனைப் பாட்டுக்கு வைத்துக்கொண்டு, பேசுவதற்கு வேறொன்று கொடுங்கள்.