யூத புத்தக மாதத்தில் பேச தரகருக்கு 850 டாலரா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். கொச்சி யூதர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய என் நூல் இந்த ஆண்டு சென்னையில் வெளிவந்தது. 2026 அக்டோபர் முதல் நியூ ஜெர்சி எடிசனில் மகள் வீட்டில் இருப்பேன், பி1/பி2 (குறுகிய கால வருகை) விசா. நியூயார்க்கில் யூத புத்தக மாத நிகழ்ச்சியில் பேச இடம் வாங்கித் தருவதாக ஒருவர் மின்னஞ்சலில் 850 டாலர் கேட்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். மேடையில் பேச எழுத்தாளரிடமே காசு கேட்கும் வழக்கம் உருப்படியான யூத அமைப்புகளிடம் கிடையாது. பார்வையாளருக்கு டிக்கெட் விற்பார்கள், அது வேறு.

இந்த மாதிரி மின்னஞ்சல்கள் இப்போது மூட்டை மூட்டையாக வருகின்றன. முதல் சில பத்திகள் நூலை வானளாவப் புகழும். உற்றுப் பார்த்தால் எல்லாம் உங்கள் பின்னட்டைக் குறிப்பைத் திருப்பி எழுதியதாக இருக்கும். கடைசிப் பத்தியில் ‘ஒருங்கிணைப்புக் கட்டணம்’ எட்டிப் பார்க்கும். அமைப்பின் பெயர் நிஜம், முகவரி மட்டும் ஜிமெயில். பணம் போகிற கணக்கோ யாரோ ஒரு தனியாள் பெயரில். ‘இரண்டே இடம்தான் மிச்சம்’ என்று அவசரப்படுத்துவார்கள். அந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடாமல், அமைப்பின் சொந்த இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டு, ‘இவர் உங்கள் ஆள்தானா?’ என்று கேளுங்கள். தரகர் தந்த எண்ணில் கேட்டால் தரகரே எடுத்து ‘ஆமாம்’ என்பார்.

ஒரே ஒரு இடத்தில் கட்டணம் நியாயமானது. அதைக் காட்டித்தான் தரகர்கள் ஏமாற்றுகிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். யூத நூல்களை வாசகரிடம் கொண்டுசேர்க்கும் நியூயார்க் அமைப்பான ஜூயிஷ் புக் கவுன்சில் ‘நெட்வொர்க்’ என்ற திட்டம் நடத்துகிறது. புதிய நூல்களின் ஆசிரியர்கள் ஆண்டுத் தொடக்கத்தில் கட்டணம் கட்டிப் பதிவுசெய்ய வேண்டும். கோடை பிறக்கும் சமயத்தில், பல ஊர் யூதச் சமூக மையங்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்கள் முன்னால் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம். இரண்டு நிமிடம் என்றால் இரண்டே நிமிடம். ஆங்கிலத்தில் 250 சொல்லுக்கு மேல் எழுதினால் பாதியில் நிறுத்தப்படுவீர்கள். கட்டணம் அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான். பிறகு யாரும் கூப்பிடாமலும் போகலாம். கட்டணத்தைக் கவுன்சிலின் தளத்தில் நீங்களே நேரடியாகக் கட்ட வேண்டும். நடுவில் ஒருவர் ‘நான் கட்டிவிடுகிறேன், எனக்கு அனுப்புங்கள்’ என்றால் அது இந்தத் திட்டமே அல்ல.

அடுத்தது தேதி. 1925இல் பாஸ்டன் நூலகர் ஃபேனி கோல்ட்ஸ்டைன் தொடங்கிய யூத புத்தக வாரம், பின்னாளில் ஹனுக்கா என்ற விளக்குப் பண்டிகைக்கு முந்தைய ஒரு மாதமாக வளர்ந்தது. அதுதான் யூத புத்தக மாதம். 2026இல் ஹனுக்கா டிசம்பர் 4 மாலை தொடங்குகிறது. ஆக நவம்பர்தான் உங்கள் மாதம். அந்த நவம்பருக்கான பட்டியலைக் கோடையிலேயே முடித்துவிடுவார்கள். அக்டோபரில் போய் இறங்கிய பிறகு எழுதினால் ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்றுதான் பதில் வரும், அதுவும் வந்தால். செப்டம்பர் 11 மாலை யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா தொடங்கினால், அக்டோபர் 4 வரை பண்டிகைக்குப் பின் பண்டிகை. அப்போது யாரும் மின்னஞ்சல் பார்க்க மாட்டார்கள். வெள்ளி மாலை முதல் சனி இருட்டும் வரை சப்பாத், யூதர்களின் வாராந்தர ஓய்வு நாள். அந்த நேரத்தை நீங்களாகக் கேட்காதீர்கள்.

உங்கள் நூலுக்குப் பொருத்தமான கதவு, மன்ஹாட்டனில் மேற்கு 16ஆம் தெருவில் இருக்கும் யூத வரலாற்று மையம். அங்கே ஐந்து அமைப்புகள் ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. பொது முகவரிக்கு எழுதிக் காத்திருக்காமல், கிழக்கத்திய யூதச் சமூகங்களைக் கவனிக்கும் அமெரிக்கன் செபார்டி ஃபெடரேஷனுக்கு எழுதுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் யூத ஆய்வு மையமான பில்ட்னர் மையமும் பொது உரைகள் நடத்துகிறது.

பல்கலைக்கழகத்தைச் சொல்ல விசாவும் ஒரு காரணம். பி விசாவில் வந்தவர் சன்மானம் வாங்குவதற்கு 9-5-6 விதி இருக்கிறது: ஒரு நிறுவனத்தில் 9 நாளுக்கு மேல் கூடாது, 6 மாதத்தில் 5 நிறுவனங்களுக்கு மேல் கூடாது. பல்கலைக்கழகம், அதைச் சார்ந்த லாபநோக்கற்ற அமைப்பு, ஆய்வு நிறுவனம் இவற்றுக்குத்தான் இது பொருந்தும். தொழுகைக்கூடமோ சமூக மையமோ காசோலை நீட்டினால் வாங்காதீர்கள். பெட்டியில் 40 பிரதி கொண்டுபோய் மேசை போட்டு விற்பதும் வேண்டாம். உள்ளூர்ப் புத்தகக் கடை விற்கட்டும். கடை சுமார் 40 சதவீதக் கழிவும், விற்காததைத் திருப்பும் உரிமையும் கேட்கும். இதைப் பதிப்பகம்தான் பேசி முடிக்க வேண்டும். நம்மூர்ப் பதிப்பகங்கள் ‘பார்க்கலாம் சார்’ என்று ஆறு மாதம் ஓட்டுவார்கள்; அமெரிக்க விநியோகம் உண்டா இல்லையா என்று இன்றே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். நான்கு பக்கத் தன்விவரத்தை யாரும் படிப்பதில்லை. நூலின் ஒரு கேள்வி, 45 நிமிடத்தில் என்ன சொல்வீர்கள், எந்த வாரங்களில் இருப்பீர்கள், முன்பு பேசிய காணொளி ஒன்று, இவ்வளவு போதும். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அளித்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. அதை உங்களால் திரையில் காட்டி வாசிக்க முடியும் என்றால் அதையே முதல் வரியாக வையுங்கள். அங்கே அப்படி வாசிக்கக்கூடியவர்கள் அபூர்வம். ஆனால் அதன் காலம் ஏறத்தாழ கி.பி. 1000. பழைய நூல்களில் கிடக்கும் கி.பி. 379ஐச் சொன்னால் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும்.

இரண்டாவது கேள்வியும் தெரிந்ததே. பின்னாளில் வெளிநாட்டிலிருந்து வந்த பரதேசி யூதர்கள் 1568இல் கட்டிய தொழுகைக்கூடத்தை மட்டும் படம் காட்டிவிட்டு, அவர்களுக்கு முன்பே கேரளத்தில் வேரூன்றிய மலபாரி யூதர்களை ஒரு வரியில் கடந்துபோகும் பேச்சாளர்கள் அதிகம். எண்ணிக்கையில் பெரும்பான்மை மலபாரிகள்தான். அவர்களுடைய மட்டாஞ்சேரி கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் உட்புறம் இன்று ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பரதேசிகள் தங்கள் தொழுகைக்கூடத்தில் ஒரு பிரிவினரைச் சமமாக நடத்த மறுத்ததை எதிர்த்து, அந்தப் பிரிவைச் சேர்ந்த கொச்சி வழக்கறிஞர் ஏ.பி. சேலம் சத்தியாக்கிரகம் நடத்தியதைச் சொல்லாமல் விட்டால், கூட்டத்தில் யாராவது எழுந்து சொல்வார்கள்.

பேச்சு முடிந்ததும் கொடுக்கலாம் என்று மகள் வீட்டில் செய்த முறுக்கையோ இனிப்பையோ எடுத்துப்போகாதீர்கள். கோஷர் என்ற யூத உணவு விதி பார்க்கும் கட்டடத்துக்குள் வெளிச்சாப்பாட்டை விட மாட்டார்கள். வாசலில் பையையும் சோதிப்பார்கள். அடையாள அட்டையோடு அரை மணி முன்னதாகப் போய்விடுங்கள்.