பிட்கொயினில் மரக்கறி வாங்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: ரொறன்ரோ வந்து நான்கு மாதம். கார்டில் கட்டினால் வங்கிக்குத் தெரிகிறது, உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள் மூலம்) அனுப்பினால் ஊருக்கே தெரிகிறது. காசு பெருக்க இல்லை, கடைச் செலவுக்கும் யாழ்ப்பாணத்து வீட்டுக்கு அனுப்பவும் பிட்கொயின் என்ற இணையக் காசைப் பாவிக்கலாமா?

பிட்கொயினில் உங்கள் பெயர் இல்லை, அவ்வளவுதான். 2009இல் தொடங்கிய நாள் முதல் நடந்த கொடுக்கல் வாங்கல் எல்லாம் எவரும் பார்க்கக்கூடிய ஒரே பேரேட்டில் கிடக்கிறது. சீட்டுக்காசு வாங்க ஒரு மாமாவிடம் உங்கள் பிட்கொயின் முகவரியை (கணக்கு இலக்கம் மாதிரி ஒரு நீண்ட குறி) கொடுத்தால், அதில் எவ்வளவு இருக்கிறது, எப்போது வந்தது என்று அவர் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே பார்க்கலாம். வங்கி மனேஜர்கூட அதை மாமாவுக்குச் சொல்லமாட்டார்! ஒவ்வொரு தடவையும் புது முகவரி கொடுத்தால் கொஞ்சம் தப்பலாம். ஆனால் எக்ஸ்சேஞ்சில், அதாவது பிட்கொயின் வாங்கி விற்கும் இணையத் தளத்தில், வாங்கும்போதே அடையாள அட்டை காட்டியிருப்பீர்கள்.

நீங்கள் தேடும் அந்தரங்கத்துக்குக் கிட்ட வருவது 2014இல் வந்த மொனேரோ என்ற இன்னொரு இணையக் காசு. அனுப்புபவர், பெறுபவர், தொகை மூன்றையும் மறைக்கும். அதனாலேயே பெரிய எக்ஸ்சேஞ்சுகள் அதைக் கைவிடுகின்றன. பைனான்ஸ் (Binance) என்ற எக்ஸ்சேஞ்ச் 2024 மாசியில் நிறுத்தியது. ஸ்காபரோ தமிழ்க்கடையில் கருவாடு வாங்க அது உதவாது. கிரிப்டோவுக்கு, அதாவது இப்படியான இணையக் காசுக்கு, கிஃப்ட் கார்டு விற்கும் தளங்கள் உண்டு, சரி, அது ஒரு சுற்றுவழி.

வரியும் இருக்கிறது. கனடா வருமானவரித் துறைக்கு கிரிப்டோ காசு இல்லை, பண்டம். அரிசி மூட்டைக்குக் கொடுத்தாலும் விற்றதாகவே கணக்கு. வாங்கிய விலை, கொடுத்த நாள் விலை எல்லாம் குறித்து வைக்கவேண்டும். ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று போனவன், கடைசியில் கொப்பி போட்டுச் செலவு எழுதுவான்.

வீட்டுக்கு அனுப்பி நான் பட்டிருக்கிறேன். 2017 மார்கழியில் கொக்குவிலில் அம்மா வீட்டு ஓடு மாற்ற மச்சானுக்கு பிட்கொயின் அனுப்பினேன். விலை 20,000 அமெரிக்க டொலரை நெருங்கிய நேரம். இன்னும் ஏறும் என்று அவன் மாற்றாமல் வைத்திருந்தான். மாசி தொடக்கத்தில் 7,000க்கும் கீழே போய்விட்டது. அடுத்த மாரிக்கும் அம்மா ஒழுக்குக்கு வாளி வைத்தார்.

இலங்கையில் அது சட்டப்படியான நாணயமும் இல்லை. மத்திய வங்கி பலமுறை எச்சரித்திருக்கிறது. வங்கிக் கார்டால் கிரிப்டோ வாங்கவும் அனுமதியில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய்க்கு ரூபாய்தான் கேட்பார்கள். மாற்றித் தர ஒரு ஆளைப் பிடிக்கவேண்டும். அப்புறம் அவரும் உண்டியல்காரர் மாதிரித்தான், யாருக்கு எவ்வளவு வந்தது என்று அவருக்குத் தெரியும்.

அம்மாவுக்கு வங்கி வழியே அனுப்புங்கள். கடைச் செலவு வெளியில் தெரியக்கூடாதென்றால் தாள்காசு கொடுங்கள். பழகிப் பார்க்க ஆசையென்றால் 50 டொலருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாலட் (பிட்கொயினை வைத்திருக்கும் செயலி) தரும் இரகசியச் சொற்களை மட்டும் கடதாசியில் எழுதி வையுங்கள், படம் எடுத்து வட்சப்பில் எனக்குக்கூட அனுப்பவேண்டாம்.