எல்எச்சி நன்றாக ஓடுகிறதா என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

எல்எச்சி என்பது செர்ன் ஆய்வகத்தில் புரோட்டான்களை மோதவிடும் எந்திரம். செய்திகளில் பெரிதாக வருவது மோதலின் ஆற்றல்தான். 2012ல் 8 டெரா எலக்ட்ரான் வோல்ட், 2015ல் 13, 2022 முதல் 13.6. ஆனால் இந்த ஆண்டு எப்படிப் போனது என்று செர்ன் ஆட்களிடம் கேட்டால் லூமினாசிட்டியைத்தான் சொல்வார்கள். எவ்வளவு மோதல் சேர்ந்தது என்ற கணக்கு அது. அலகின் பெயர் இன்வர்ஸ் ஃபெம்டோபார்ன். பயமுறுத்தும் பெயர், விட்டுவிடுங்கள். அந்த அலகில் 1 என்றால் ஏறக்குறைய 80 லட்சம் கோடி மோதல். அதில் ஹிக்ஸ் போசான் என்ற அரிய துகள் ஐம்பதாயிரத்துச் சொச்சம்தான் பிறக்கும். நான்கு எலக்ட்ரான் அல்லது மியூவான்களாகச் சிதைந்து பளிச்சென்று தெரிபவையோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. அதனால்தான் இவ்வளவு பசி.

எந்திரம் ஓடும் நிலையைக் காட்டும் செர்னின் பொதுப் பக்கத்தை நான் அடிக்கடி திறந்து பார்ப்பேன். 'ஸ்டேபிள் பீம்ஸ்' என்று போட்டிருந்தால்தான் தரவு சேர்கிறது என்று அர்த்தம். நல்ல ஆண்டிலேயே அப்படி இருப்பது பாதி நேரத்தை ஒட்டித்தான்.

எனக்குப் பிடித்த உதாரணம் 2017. புரோட்டான் கற்றை ஓடும் குழாயில் 16எல்2 என்ற இடத்தில் கொஞ்சம் காற்று புகுந்து உறைந்துவிட்டது. அதன் துணுக்குகள் கற்றையில் விழ, எந்திரம் திரும்பத் திரும்பக் கற்றையை வெளியே தள்ளியது. சரி, புரோட்டான் கொத்துகளை எட்டு எட்டாக அனுப்பி, நடுவே நாலு இடம் காலியாக விடலாம் என்று முடிவெடுத்தார்கள். தொல்லை அடங்கியது. ஆனால் கொத்துகள் குறைந்தன. அதை ஈடுகட்டக் கற்றையை இன்னும் இறுக்கிக் குவித்தார்கள். அப்புறம் தலைவலி மோதல்களைப் பதிவு செய்யும் டிடெக்டர்காரர்களுக்கு: கொத்துகளின் ஒரே சந்திப்பில் 60 மோதல் வரை ஒன்றன்மேல் ஒன்றாக. எந்தத் தடம் எந்த மோதலில் பிறந்தது என்று பிரிக்க வேண்டுமே! கடைசியில் மோதல்கள் நடக்கும் வீதத்தை வேண்டுமென்றே மட்டுப்படுத்தி ஓட்டினார்கள். அப்படியும் அந்த ஆண்டுக்கு 45 இன்வர்ஸ் ஃபெம்டோபார்ன் என்ற இலக்கைத் தாண்டி 50 கிடைத்தது. என்னைக் கேட்டால், சாதனை அளவை விட இந்தச் சமாளிப்புதான் பெரிய விஷயம்.

இன்னொன்று, எந்திரம் கொடுத்தது எல்லாமே ஆய்வுக்கு வராது. 2015 முதல் 2018 வரை அட்லஸ் என்ற டிடெக்டருக்குக் கிடைத்தது அதே அலகில் 156. ஏதாவது ஒரு பாகம் சரியாக வேலை செய்யாத நேரங்களைக் கழித்த பின் கட்டுரைகளில் பயன்பட்டது 140.