வெப்பத்துக்கு ஏற்ப கிளாக்கைத் திருத்தும் சர்க்யூட் செய்தேன், இதே தலைப்பில் ஒரு பேட்டன்ட் இருக்கிறது. மாட்டிக்கொள்வேனா?

தலைப்பை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். கடைசியில் எண் போட்டு வரும் கிளெயிம்களை, அதாவது எதற்கெல்லாம் உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் வாக்கியங்களைப் படியுங்கள், கட்டுப்படுத்துவது அவைதான். ஒரு கிளெயிமில் சொன்ன உறுப்புகளில் ஒன்று உங்கள் போர்டில் இல்லையென்றாலும் அந்தக் கிளெயிமைச் சொல்லுக்குச் சொல் மீறியதாகாது.

எனக்கே இது வந்தது. தொண்டிப் பக்கம் இறால் பண்ணைகளுக்கு நேரம் பதியும் போர்டு செய்து கொடுக்கிறேன். கடிகாரத்தில் போடும் 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 25 டிகிரியில்தான் சரியாக ஓடும், அதிலிருந்து விலக விலக, விலகலின் வர்க்கத்துக்கு ஏற்ப மெதுவாகும். நம்ம வெயிலில் தகரப் பெட்டிக்குள் 60 டிகிரி வந்துவிட்டால், அதே சூடு நீடித்தால், ஒரு நாளைக்கு மூன்றரை விநாடி பின்தங்கும். அதனால் தெர்மிஸ்டரில் (சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் உறுப்பு) சூட்டை அளந்து, கிரிஸ்டல் துடிப்புகளின் எண்ணிக்கையை மென்பொருளில் திருத்தினேன். ஒரு வெளியூர் நிறுவனம் நோட்டீஸ் அனுப்பியது. அவர்கள் கிளெயிமில் இருந்ததோ வெப்பத்துக்கு ஏற்ப வராக்டருக்கு (மின்னழுத்தத்தால் மின்தேக்குதிறன் மாறும் டையோடு) மின்னழுத்தம் கொடுத்து ஆசிலேட்டரின், அதாவது கிரிஸ்டலை வைத்துத் துடிப்பை உண்டாக்கும் சர்க்யூட்டின், அதிர்வெண்ணையே மாற்றுவது. என் போர்டில் கிரிஸ்டல் தன் இஷ்டத்துக்குத்தான் ஓடுகிறது, கணக்கு மட்டும் நான் போடுகிறேன்.

"இரண்டும் சமானம்தானே" என்றார்கள். சொல்லுக்குச் சொல் பொருந்தாவிட்டாலும், அதே வேலையை ஏறக்குறைய அதே விதத்தில் செய்தால் மீறல்தான் என்ற வாதம் அது. உண்மையான சண்டை இங்கேதான். வெப்பம் சம்பந்தப்படாத, கிளாக் வேகம் பற்றிய ஒரு பேட்டன்டில் 2021-ல் டெக்சாஸ் ஜூரி, சமானம் என்ற அடிப்படையில் இன்டெல் 67.5 கோடி டாலர் தர வேண்டும் என்றது. வேலையை எந்தச் சாதனம் செய்கிறது என்பதில் இருந்த வித்தியாசத்தைக் காட்டி 2023 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

அப்புறம் தேதி. தெர்மிஸ்டரும் வராக்டரும் சேர்ந்த ஆசிலேட்டர் 1960-களிலேயே உண்டு. பேட்டன்ட் புதிதாக இருக்க வேண்டும் என்பதால், கிளெயிமை விரித்துப் படித்தால் அந்தப் பழசே அதைக் கவிழ்த்துவிடும், சுருக்கினால் நீங்கள் வெளியே. விண்ணப்பத்தைப் பரிசோதித்த பேட்டன்ட் அலுவலக ஆய்வாளருக்கு அவர்கள் எழுதிய பதில்களையும் தேடிப் படியுங்கள், பேட்டன்ட் வாங்குவதற்காக எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள் என்று அதில் தெரியும் (எனக்கு இந்த ஒரு வேலைக்கே நாலு ராத்திரி போனது).

அது அமெரிக்கப் பேட்டன்ட் மட்டும்தான் என்றால், இங்கே செய்து இங்கேயே விற்கிற வரை உங்களைத் தொடாது. இந்தியாவில் பேட்டன்ட் கொடுத்திருந்தால், கொடுத்த அறிவிப்பு வெளியான தேதியிலிருந்து ஓராண்டுக்குள் ஆட்சேபம் போடலாம். சென்னை கிண்டியில் இருக்கும் பேட்டன்ட் அலுவலகத்துக்கு அலைய வேண்டாம், ஆன்லைனிலேயே முடியும்.

நான் வராக்டர் இல்லாத சர்க்யூட் படத்தை இணைத்து ஒரு பக்கத்தில் பதில் போட்டேன். இன்றுவரை அங்கிருந்து பதில் இல்லை.