சாமான் வைக்கும் அறைகளின் வாடகையை வருமான வரியில் எந்தத் தலைப்பில் காட்டுவது?

பெங்களூரு பீன்யா பக்கம் சொந்தக் கட்டடத்தை அறைகளாகத் தடுத்து, சாமான் வைக்க வாடகைக்கு விடுபவர்களுக்கு வரும் கேள்வி இது. வீட்டை வாடகைக்கு விடுவதும் பி.ஜி. (சாப்பாடு போன்ற சேவைகளோடு தங்க இடம் தரும் விடுதி) நடத்துவதும் ஒன்றல்லவே, அதே வித்தியாசம்தான் இங்கும்.

இடத்தை மட்டும் கொடுத்தால் அது வீட்டுச் சொத்து வருமானம். ஆண்டு வாடகை 4,80,000 ரூபாய், அந்த ஆண்டில் நீங்கள் கட்டிய சொத்து வரி 30,000 என்றால் மீதி 4,50,000. அதில் 30 சதவீதம், அதாவது 1,35,000, பில் எதுவும் இல்லாமலே கழியும். வரிக்கு உட்படுவது 3,15,000. கட்டடக் கடன் இருந்தால் வட்டியையும் கழிக்கலாம். சொத்து வரியைப் பாக்கி வைத்தால் அந்தத் தொகைக்குக் கழிவு கிடையாது. பலரும் சறுக்கும் இடம் இது.

காவலாள், கேமரா, சரக்கு ஏற்றி இறக்க ஆள் என்று சேவையே பிரதானமானால் அது தொழில் வருமானம். அங்கே 30 சதவீதக் கழிவு இல்லை. சம்பளம், மின்கட்டணம், கட்டடத் தேய்மானம் ஆகிய உண்மைச் செலவுகளைக் கழிக்கலாம். கணக்கும் பில்லும் கட்டாயம் வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால், எந்தத் தலைப்பானாலும் ஜி.எஸ்.டி. பதிவு தேவை.

குடியிருக்கும் வீடு மட்டும்தான் ‘வீட்டுச் சொத்து’ என்று பலர் நினைக்கிறார்கள். கடை, கிடங்கு, அலுவலகக் கட்டடம் எல்லாமே அதில் அடங்கும்.