கிணற்றின் மேல் ஒரு கோயில்

கேள்வி: எழும்பூர் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குப் போய் வந்தீர்களாமே, அப்படி என்ன விசேஷம்? (வாசகி, அரியலூர்)

பதில்: பஸ்ஸில் நூறு முறையாவது கடந்திருப்பேன், போன ஞாயிறுதான் உள்ளே நுழைந்தேன். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து நின்றேன். வட்டமான கூடம், 16 தூண்கள், மேலே நட்சத்திரம் பதித்த நீல வானமாகக் குவிமாடம்! ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக டி ஹாவிலாண்ட் என்ற ராணுவப் பொறியாளர் கட்டியது. 1818இல் தொடங்கி 1821இல் முடித்தார். எனக்கு வியப்பு அஸ்திவாரத்தில்தான். ஈரக் களிமண் நிலம் என்பதால் நம்மூர் உறைகிணறு முறையில் வரிசையாகக் கிணறுகள் இறக்கி, அவற்றின் மேல் எழுப்பியிருக்கிறார். கிணறு வெட்டியவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலாவது இருக்கிறதா என்று தேடினேன். கண்ணில் படவில்லை. காலையிலேயே போங்கள், வெளிச்சம் அப்போதுதான் அழகு.